அகஸ்தீன் விளக்கவுரையின் சங்கீத எண் பைபிளோடு பொருந்தாதது குறித்து

பண்டைய கிறிஸ்தவ ஆயர் அகஸ்தீன் சங்கீதங்களுக்கு, அதாவது பைபிளின் துதிப்பாடல்களுக்கு, எழுதிய விளக்கவுரையில் 50 என்று கண்ட இடத்தில், உங்கள் பைபிளின் 51ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். தாவீது மனம் வருந்தி மன்றாடுவதாக அவர் விளக்குவது அதைத்தான். ஆசாப் என்ற பாடகரின் பெயரைத் தாங்கிய 50ஐ அன்று.

அவர் கையாண்ட இலத்தீன் பாடம் கிரேக்க மொழிபெயர்ப்பின் எண்வரிசையைப் பின்பற்றுகிறது; உங்கள் பைபிளோ எபிரேய மூலத்தின் எண்வரிசையைப் பின்பற்றுகிறது. எபிரேயத்தில் 9, 10 எனப் பிரிந்திருப்பவை கிரேக்கத்தில் ஒரே சங்கீதமாக உள்ளன. அவ்விரண்டிலும் வரிகளின் முதலெழுத்தாக வரும் எபிரேய அகரவரிசை, சிதைந்த நிலையிலேனும், தொடர்ந்து ஓடுவதால் கிரேக்கப் பிரிப்பே இங்கே பொருத்தமானது என்பது என் கருத்து. இதனால் எபிரேய எண் 11 முதல் 113 வரை உள்ளவற்றுக்குக் கிரேக்க எண் ஒன்று குறைவாக வரும். எபிரேய 114, 115 கிரேக்கத்தில் மீண்டும் இணைகின்றன. 116உம் 147உம் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. 148 முதல் எண்கள் ஒத்துப்போகின்றன.

சரிபார்க்க, 51ஆம் சங்கீதத்தின் தலைப்பை ஒப்பிடுங்கள்: தீர்க்கதரிசி நாத்தான் தாவீதிடம் வந்த செய்தி அதில் இருந்தால், நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

ஆனால் வசன எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சில பதிப்புகள் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால், அங்கே 3 என்பது உங்களிடம் 1 ஆக இருக்கலாம். தற்கால மொழிபெயர்ப்பாளர் சிலர் எண்களை எபிரேய வரிசைக்கே மாற்றிவிடுவதும் உண்டு என்பதால், பதிப்பின் முன்னுரையையும் பார்த்துவிடுங்கள்.