ஒருநாள் ஒத்துக்கொண்ட மீன் மறுநாள் கடிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மீன் குழம்பு சில நாள் ஒன்றும் செய்யாது. சில நாள் முகம் சிவந்து தலையிடிக்கிறது. எதைத்தான் சாப்பிடுவது?
- வாசகி, குருநகர்

பதில்: வித்தியாசம் மீன் வகையில் மட்டுமல்ல, அது செத்துக் கிடந்த நேரத்திலும் இருக்கிறது. ஹிஸ்டமின் என்பது சில உணவுகளில் இருக்கும் ஒரு வேதிப்பொருள். அது உடலில் கூடினால் முகம் சிவக்கும், தலையிடிக்கும். மீன் செத்தபின் அதிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பக்ரீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சூரை, கும்பளா, சாளை, அறக்குளா ஆகியவற்றில் ஹிஸ்டிடின் அதிகம். உருவான ஹிஸ்டமின் கொதித்தாலும் பொரித்தாலும் அழியாது. அதனால் நேற்றைய குழம்பைச் சூடாக்கி உண்ணாதீர்கள். விளைமீனைக் காலையிலேயே வாங்கி, ஐஸில் கொண்டுவந்து, உடனே குடல் நீக்கிச் சமையுங்கள். சமைக்காத மிச்ச மீனை உடனே உறையவையுங்கள். உருகியதும் தாமதமின்றிச் சமைக்க வேண்டும்.

தொடக்கத்தில் 2 - 4 வாரம், இந்தத் தொல்லையைக் கூட்டக்கூடிய கருவாடு, கள், ஊறுகாய், புளித்த தோசை மா, தக்காளி, கத்தரிக்காய், பசளிக்கீரை வேண்டாம். சோறு, இடியப்பம், பிட்டு, தேங்காய்ப்பால், பூசணி, கரட், அன்று உரித்த கோழி பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒடியல் கூழ் ஆசை இருக்கும்தான். ஆனால் அதில் நண்டு, இறால், மீன் எல்லாம் சேர்வதால் எது கடித்ததென்று பிடிக்கவே முடியாது.

பிறகு, விலக்கியவற்றை ஒரு நேரத்தில் ஒரே பொருளாகச் சாப்பிட்டுப் பாருங்கள். முதல்நாள் அரைத் தக்காளி, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் விடுமுறை. அளவு, நேரம், நித்திரை, மாதவிடாய் நாள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். பலருக்கு ஒரு தனி உணவு அல்ல, ஒரே நாளில் சேரும் ஹிஸ்டமினின் மொத்த அளவுதான் பிரச்சினை. இந்தக் கட்டுப்பாட்டை மாதக்கணக்கில் நீட்டாதீர்கள், போசாக்குக் குறையும்.

மூச்சுத் திணறினால், தொண்டை வீங்கினால் கொப்பியை விட்டுவிட்டு உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.