மூன்று வயது வரை பொறுக்கலாமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் தங்கை மகனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் மகனுக்கு 22 மாதம். 14 மாதத்தில் 'அம்மா', 'பூ', 'தா' என்று சொன்னான். இப்போது மூன்றும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் ஓடி வருகிறான். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான், திருச்செந்தூர் போயிட்டு வந்தா சரியாயிடும்" என்கிறார் மாமியார். நான் வீட்டில் துணிகளில் பிசிறு வெட்டும் வேலை செய்யும்போது அவன் கையில் போனைக் கொடுத்ததுதான் காரணம் என்கிறார் கணவர். பக்கத்து வீட்டில் ஒன்றரை வயது ஊசியைச் சொல்கிறார்கள். இது ஆட்டிசமா? மூன்று வயது வரை பொறுத்துப் பார்க்கலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

இரண்டாவது கேள்விக்கு முதலில். பொறுக்க வேண்டாம், இந்த வாரமே கிளம்புங்கள்.

ஆட்டிசமா என்பதை நான் சொல்ல முடியாது. நான் மருத்துவர் இல்லை, கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சொல்கிற மருத்துவர் கிடைத்தால் அவரையும் நம்பாதீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் எல்லாரும் தாண்டிப் போய்விட்ட ஒரு வரி கடிதத்தில் இருக்கிறது. மூன்று வார்த்தை வந்தது, அப்புறம் போய்விட்டது. தாமதமாகப் பேசுவது வேறு, பேசியது நின்றுபோவது வேறு. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றால் உடனே காட்ட வேண்டும் என்பதுதான் குழந்தை மருத்துவத்தில் பொதுவான விதி. உங்கள் கணவர் மூன்று வயதில் பேசியிருக்கலாம், அப்படி நிறைய பேர் உண்டு, மாமியார் பொய் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் சண்டைக்குப் போகாமல் ஒன்று கேட்டுப் பாருங்கள்: வாய் திறக்காத அந்த நாட்களில் உங்கள் மகன் விரலை நீட்டி எதையாவது உங்களுக்குக் காட்டினாரா?

நாம் எல்லாரும் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், பார்க்க வேண்டியது விரலை. குழந்தை விரல் நீட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது. 'அது வேணும்' என்பது ஒன்று. இன்னொன்று 'அதப் பாரேன்' என்பது, அதனால் குழந்தைக்கு ஒரு பிஸ்கட்கூடக் கிடைக்கப் போவதில்லை, தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகளிடம் இது வந்துவிடும், விரலை நீட்டிவிட்டு நாம் பார்க்கிறோமா என்று நம் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பார்கள். என் தங்கை மகனுக்கு ஒன்றே முக்கால் வயதிருக்கும்போது மொட்டை மாடியில் எங்கள் அம்மா காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, "அதோ பாரு காக்கா, காக்கா பாரு" என்று கையை நீட்டிக் காட்டினாள். நாங்கள் நாலு பேரும் காக்காயைப் பார்த்தோம். அவனோ அம்மாவின் கையில் இருந்த கண்ணாடி வளையலைப் பார்த்தான், அதில் வெயில் பட்டு மின்னியதை, காக்காய் சாப்பிட்டுப் பறந்துபோன பிறகும் பார்த்துக்கொண்டே நின்றான். 'எவ்வளவு கூர்மையான பிள்ளை' என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். அப்புறம் ஒரு மருத்துவர், "ஆம்பளப் பிள்ளைதானே, மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்று சொல்லப்போய் பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டோம். அந்தப் பதினோரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது, அதனால்தான் உங்களை இப்படி விரட்டுகிறேன்.

எங்கே போவது? பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று ஒரு மையம் இருக்கிறது, பலகையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்கிற மாதிரி நீளமாக எழுதியிருப்பார்கள், குழந்தைகள் பிரிவில் கேட்டால் காட்டுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வருவது, கட்டணம் கிடையாது. தனியாரில் போவதானால் குழந்தை வளர்ச்சி மருத்துவர் என்று கேளுங்கள். எம்-சாட் என்று, ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்க்க 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, உங்கள் பையனுக்குச் சரியான வயது. அதில் மதிப்பெண் கூடுதலாக வந்தால் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றுதான் அர்த்தம். பேச்சுப் பயிற்சியையும், விளையாட்டு, சாப்பாடு மாதிரி அன்றாடச் செயல்களுக்கான ஆக்குபேஷனல் தெரபி என்கிற பயிற்சியையும் தொடங்க அந்த முடிவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒருவேளை ஆட்டிசம் இல்லை என்றே ஆனாலும் பயிற்சியால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

காது பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்கிறதே என்று நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் சில சத்தம் கேட்டு, பேச்சில் உள்ள சில ஒலிகள் மட்டும் சரியாகக் கேட்காத குழந்தைகள் உண்டு. அந்தக் காது பரிசோதனையைப் பெரா என்பார்கள், குழந்தையைத் தூங்க வைத்து எடுப்பது, வலிக்காது. திருச்செந்தூருக்கும் தாராளமாகப் போய் வாருங்கள், முருகனோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஐந்து வயது வரை பேசாமலிருந்த குமரகுருபரருக்கு அங்கேதான் பேச்சு வந்தது என்று என் பாட்டியும் சொல்லுவாள். பெராவுக்குத் தேதி வாங்கிவிட்டுப் போங்கள்.

போன் விஷயம். உங்கள் கணவரிடம் இதைக் காட்டலாம். போன் பார்த்து ஆட்டிசம் வருவதில்லை. 1943இல் லியோ கானர் என்கிற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இதற்குப் பெயர் வைத்த பிறகு, பத்து இருபது வருடம் அம்மாக்களுக்குப் பாசம் போதாது என்பதுதான் காரணம் என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது தப்பு என்று எப்போதோ ஆகிவிட்டது. பழி அம்மா மேல் விழுவது மட்டும் மாறவில்லை, அன்றைக்குப் பாசம், இன்றைக்கு போன். இதற்காக போனைத் திரும்பக் கையில் கொடுக்கச் சொல்லவில்லை, இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், அந்த நேரம் யாராவது அவனோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்பதால். போனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள், அதுவும் பொறுத்துப் பார்ப்பதுதான்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்கிற ஊசிக் கதை 1998இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் 12 குழந்தைகளை வைத்து வந்த ஒரு கட்டுரையில் கிளம்பியது. 2010இல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, எழுதியவர் மருத்துவம் பார்க்கும் உரிமையையும் இழந்தார். ஒன்றரை வயது ஊசி போடும் வயதும் இதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பதால் முடிச்சுப் போடுவது சுலபமாக இருக்கிறது. பாக்கி ஊசி இருந்தால் போட்டுவிடுங்கள்.

தேதி கிடைக்கும்வரை வீட்டில் ஒன்று செய்யலாம், எங்களுக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தந்தது. அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராக இருக்கும்படி, பருப்பு கடைந்து நண்டூருது நரியூருது விளையாடுங்கள். விரல் மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி அக்குளுக்குப் போகும் முன்னால் சட்டென்று நிறுத்திவிடுங்கள். ஒன்றும் பேசாதீர்கள், பத்து வரை மனதில் எண்ணுங்கள். அவன் உங்கள் கையை இழுக்கலாம், முனகலாம், ஒரு நொடி நிமிர்ந்து கண்ணைப் பார்க்கலாம். எதைச் செய்தாலும் உடனே கிச்சுக்கிச்சு. என் தங்கை மகன் முதல் மூன்று நாள் எழுந்து போய்விட்டான். நாலாம் நாள் எழுந்து போனவன் திரும்பி வந்து கையை நீட்டினான்.

இதை யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சைக்கிள் சக்கரம் சுற்றுவதையும், உங்கள் மணிக்கட்டை ஃப்ரிட்ஜுக்கு இழுத்துப்போவதையும் எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் பத்து நிமிடமும் அவன் அழுதுகொண்டே இருந்தால் மருத்துவருக்குக் காட்ட வேறு ஒன்றும் இருக்காது. 14 மாதத்தில் 'பூ' சொன்ன வீடியோ பழைய போனில் இருந்தால் அதையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். போய் வந்து எழுதுங்கள்.