கொப்பி திருத்தும் இரவுகளுக்குச் சம்பளம் கேட்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் ஆறு வருடமாக மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். மொத்தச் சம்பளம் 38,000 ரூபாய். அதில் அடிப்படை 20,000, மிச்சம் 'அலவன்ஸ்'. பிள்ளைகள் போன பிறகும் நாலரை வரை நிற்க வேண்டும். தவணைப் பரீட்சை வந்தால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும். சனிக்கிழமையும் ஏதாவது நிகழ்ச்சி. முதல் இரண்டு வருடம் 'பயிற்சி' என்று ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் புது நியமனக் கடிதம் தருகிறார்கள். கேட்டால் 'விருப்பமில்லாவிட்டால் போகலாம்' என்கிறார்கள். மேலதிக வேலைக்குச் சம்பளம் வாங்க வழி உண்டா? வேலையை விட்டுவிடவா?

பதில்: இப்போதைக்கு விட வேண்டாம், டீச்சர். கோபத்தில் எழுதும் ராஜினாமாக் கடிதத்தில் எல்லோரும் 'தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறேன்' என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு 'நெருக்கடி கொடுத்துத்தான் வெளியேற்றினார்கள்' என்று தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் சொல்லும்போது, அந்த ஒரு வரியைத்தான் எதிர்த்தரப்பு முதலில் வாசிக்கும்.

இரவில் விடைத்தாள் திருத்துவதும் பாடக்குறிப்பு எழுதுவதும் வேலைதான். அதை இலவசமாக வாங்குவது அநியாயம். ஆனால் உங்கள் வழக்கில் பலவீனமான இடமும் அதுதான். ஒரு கொப்பிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கும் சட்டம் இங்கே கிடையாது. நியமனக் கடிதத்தில் வேலைநேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிற்பகல் இரண்டு மணி வரை என்று எழுதிவிட்டு நாலரை வரை நிறுத்தினால், ஒப்பந்தத்தை வைத்துக் கேட்கலாம். 'அதிபர் பணிக்கும் ஏனைய கடமைகள்' என்ற வரியும் இருந்தால், அதைக் காட்டித்தான் மறுப்பார்கள்.

அதனால் சட்டம் உறுதியாக நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் பங்கு 8 சதவீதம், பாடசாலையின் பங்கு 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதத்தைப் பாடசாலையே கட்ட வேண்டும். பயிற்சி, தகுதிகாண் காலம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் முதல் மாதத்திலிருந்தே இது கட்டாயம். கட்டாமல் விட்ட இரண்டு வருடத்தையும் மேலதிகக் கட்டணத்தோடு அறவிடத் தொழில் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு.

அந்த 'அலவன்ஸ்' விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். வாழ்க்கைச் செலவுப்படி போன்ற கொடுப்பனவுகளும் ஈ.பி.எஃப். கணக்கில் சேர வேண்டியவை. 20,000க்கு மட்டும் கட்டினால் பாடசாலையின் பங்கு 2,400 ரூபாய்; 38,000க்குக் கட்டினால் 4,560. மாதாமாதம் 2,160 ரூபாய் உங்கள் ஓய்வுகாலத்திலிருந்து போகிறது. அதோடு தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்ந்துவிட்டது. அடிப்படை 20,000 என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பதே கேள்விக்குரியது.

'நாங்கள் கல்வி அமைச்சின் கீழ் இல்லை' என்று சொல்வார்கள். உண்மைதான், சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. கம்பனி என்றால் மற்றக் கம்பனிகளைப் போல அவர்களும் தொழில் கொள்வோர்தான். அரசாங்க ஆசிரியர்கள் 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக மாதக்கணக்கில் போராடியபோது அவர்களுக்குப் பின்னால் சங்கங்கள் இருந்தன. உங்கள் ஸ்டாஃப் ரூமில் அது இல்லை. ஆனால் ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதிவு செய்யலாம் என்பதை மற்ற டீச்சர்மாருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு ஜனவரியும் தரும் புதுக் கடிதம், வேலையை விட்டு விலகும்போது தர வேண்டிய பணிக்கொடையைத் தவிர்க்கச் செய்யும் ஏற்பாடாக எனக்குத் தெரிகிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உங்களுக்குச் சேர வேண்டும். நீங்களாகவே விலகினாலும் அது உண்டு. விலகி 30 நாட்களுக்குள் தர வேண்டும். 38,000 முழுவதும் கணக்கில் எடுக்கப்பட்டால் ஆறு வருடத்துக்கு 1,14,000 ரூபாய். கடிதம் மாறினாலும் வகுப்பும் வேலையும் தொடர்ந்திருந்தால், சேவை முறியவில்லை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது: ஆறு கடிதங்களையும், சம்பளச் சீட்டுகளையும், சம்பளம் வந்த வங்கிக் கூற்றுகளையும் நகலெடுத்து வீட்டில் வையுங்கள். சனிக்கிழமை வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். ஈ.பி.எஃப். கணக்கு நிலுவையை எடுத்து, பணம் வராத மாதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை. முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

முறைப்பாடு செய்ததற்காக வேலையிலிருந்து நீக்கினால், அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பேசித் தீர்ப்போம் என்று பாடசாலை இழுத்தடித்தாலும் அந்த ஆறு மாதம் உங்களுக்காக நிற்காது.