‘பொன்னகரம்’ கதையில் வறுமை பெரிதா, ஆண்-பெண் சிக்கல் பெரிதா?

இரண்டையும் பிரித்துப் பார்த்தால் கதை கையை விட்டு நழுவிவிடும். 1934-ல் புதுமைப்பித்தன் எழுதியது, சில பக்கங்கள்தான்.

அம்மாளு மில் கூலி. கணவன் முருகேசன் ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டுபவன், குடிபோதையில் வண்டியோட்டி அடிபட்டுக் கிடக்கிறான். அவன் பால்கஞ்சி கேட்கிறான், வீட்டில் காசில்லை. தண்ணீர் எடுக்கப் போனவள், தன்மேல் கண் வைத்திருந்த ஒருவனோடு சந்தின் இருட்டில் மறைகிறாள். சம்பாத்தியம் முக்கால் ரூபாய்.

இங்கே கவனியுங்கள்: விபத்து அவனுடையது, பசியும் அவனுடையது, விலை கொடுப்பது மட்டும் அவள். வறுமை இருவருக்கும் பொது என்றாலும் அது ஆணிடம் உழைப்பைத்தான் கேட்கிறது. பெண்ணிடம் உழைப்பை வாங்கிக்கொண்டு உடலையும் கேட்கிறது. (அவளும் மில்லில் உழைப்பவள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!’ என்று கதை முடிகிறது. இந்தக் கடைசி வரியின் கிண்டல் அம்மாளுவை நோக்கியதல்ல. கற்பைப் பற்றிப் பேச வசதியுள்ள வாசகரை நோக்கியது. கற்பு என்பது வயிறு நிறைந்தவர்கள் வகுத்த அளவுகோல், அதுவும் பெண்ணுக்கு மட்டுமானது என்பதுதான் அந்தக் குத்தல். ஆனால் அம்மாளுவின் மனதுக்குள் கதை நுழைவதே இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.