அம்மா போன் ஏன் அடிக்கவில்லை

"டொராண்டோ வந்து சில வாரம்தான் ஆகிறது. அம்மாவுக்கு 71 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். கிளம்பும்முன் ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் பாதி நாள் எடுப்பதில்லை, 'அடிக்கவே இல்லைப்பா' என்கிறார். பெரியவர்களுக்கென்று சுலபமான ஆப் ஏதும் இருக்கிறதா? அண்ணன் துபாயில் இருக்கிறார், மூவரும் சேர்ந்து பேச முடிந்தால் நல்லது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, வேறு ஆப் தேடாதீர்கள். சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருப்பார்கள். உங்களுக்காக மட்டும் ஒரு ஆப் போட்டால் அதை அம்மா ஒருநாளும் பழக மாட்டார். அடிக்கவில்லை என்று அவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

அடுத்த முறை கூப்பிடும்போது உங்கள் திரையில் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'காலிங்' என்றே நின்றால் உங்கள் அழைப்பு அந்தப் போனுக்குப் போய்ச் சேரவே இல்லை. 'ரிங்கிங்' என்று மாறினால் சேர்ந்துவிட்டது. அம்மா காதில் விழவில்லை, அல்லது எடுக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

'காலிங்'கிலேயே நின்றால் உடனே அதே நம்பருக்குச் சாதாரண போன் போடுங்கள். அதுவும் போகவில்லை என்றால் பெரும்பாலும் ஏரோப்ளேன் மோட், அல்லது சார்ஜ் இல்லை. மணி பார்க்க மேலிருந்து விரலை இழுக்கும்போது ஏரோப்ளேன் படத்தையும் வைஃபை படத்தையும் தெரியாமல் தட்டிவிடுவது மிகச் சாதாரணம். அந்தப் பட்டையில் முதல் வரிசையிலிருந்து ஏரோப்ளேனை எடுத்துப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிடலாம்.

சாதாரண போன் போகிறது, நெட்டும் இருக்கிறது, வாட்ஸ்அப் மட்டும் வரவில்லையா? சார்ஜை மிச்சம் பிடிப்பதற்காக, கொஞ்ச நேரம் தொடாத ஆப்பைப் போன் தூங்க வைத்துவிடுகிறது. நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இது தெரிவதில்லை. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை தொடுகிறவர்களுக்குத்தான் மாட்டுகிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' அல்லது 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று வையுங்கள். ரெட்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்கள் என்றால் 'ஆட்டோஸ்டார்ட்' அல்லது அதைப் போன்ற பெயரில் தனியாக ஒரு அனுமதி இருக்கும், அதையும் கொடுக்க வேண்டும். ரெட்மியில் 'அதர் பர்மிஷன்ஸ்' உள்ளே 'ஷோ ஆன் லாக் ஸ்கிரீன்' என்று ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் பூட்டிய திரையில் அழைப்பே தெரியாமல் போகலாம். ஆப்பைப் பயன்படுத்தாவிட்டால் அனுமதிகளைப் பறித்துக்கொள்ளும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பெரிய சாஃப்ட்வேர் அப்டேட் வந்த பிறகு இவற்றை மறுபடி ஒரு நடை பார்ப்பது நல்லது.

'ரிங்கிங்' வந்தும் எடுக்கவில்லை என்றால் சத்தத்தைப் பாருங்கள். பேசும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் பேச்சுச் சத்தம்தான் கூடும், மணிச் சத்தம் தனி. அதைச் செட்டிங்ஸில் போய் முழுதாக ஏற்றி, 'டூ நாட் டிஸ்டர்ப்' ஓடவில்லையா என்றும் பார்க்க வேண்டும். மெல்லிய இசையாக இல்லாமல் பழைய டெலிபோன் மணி மாதிரி கணீரென்ற ரிங்டோன் வையுங்கள்.

அடுத்தது எடுக்கும் விதம். திரை பூட்டியிருக்கும்போது வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் முழுத்திரையில் வரும், பல போன்களில் பச்சை வட்டத்தை மேலே இழுக்க வேண்டும். அம்மா சீரியல் துணுக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போது அதே அழைப்பு மேலே ஒரு சின்னப் பட்டையாக வரும், அதில் தட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. ஒரே வேலைக்கு இரண்டு கைவித்தை. ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு இன்னொன்றில் கட் ஆனதும் "நேத்துதானேம்மா சொன்னேன்" என்று சலித்துக்கொள்வது நியாயமில்லை. பக்கத்தில் இருக்கும் யாரையாவது உட்கார வைத்து, பூட்டிய நிலையில் ஐந்து தடவை, திறந்த நிலையில் ஐந்து தடவை கூப்பிட்டுப் பழக்கச் சொல்லுங்கள். போனை வாங்கி அவர்களே செய்து காட்டக் கூடாது. அம்மா விரல்தான் திரையில் இருக்க வேண்டும்.

வயதான விரல் காய்ந்திருக்கும், திரை சில நேரம் உணராது. அதனால் அழுத்திப் பிடிப்பார்கள், உடனே வேறு ஏதோ திறந்துகொள்ளும். செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி உள்ளே 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்பதை 'லாங்' என்று மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கைரேகைப் பூட்டும் தேய்ந்த ரேகைக்குச் சரிவராது, நான்கு இலக்க எண் போதும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஆனால் உச்சத்துக்குப் போகாதீர்கள். பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். மொழி விஷயத்தில் என் யோசனை: வாட்ஸ்அப்பை மட்டும் தமிழுக்கு மாற்றுங்கள், போனை ஆங்கிலத்திலேயே விடுங்கள். எல்லாம் தமிழில் இருந்தால் உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பையன் 'அமைப்புகள்' எங்கே என்று தடவிக்கொண்டிருப்பான்.

அம்மா உங்களைக் கூப்பிடுவதற்கு, உங்கள் சாட்டைத் திறந்து மூன்று புள்ளி, 'மோர்', 'ஆட் ஷார்ட்கட்' கொடுத்தால் உங்கள் முகம் முகப்புத் திரையில் வந்து உட்காரும். தட்டினால் சாட் திறக்கும்; கேமராப் படத்தை இன்னொரு முறை தட்ட வேண்டும். முகப்பில் உங்கள் படம், அண்ணன் படம், சித்தி படம், சாதாரண போன், அவ்வளவு போதும். டைப் அடிக்கச் சொல்லிப் படுத்தாதீர்கள், மைக்கை அழுத்திக் குரல் பதிவு அனுப்பினால் போதும். போனை நிறுத்த ஒரு ஸ்டாண்டு அவசியம், இல்லாவிட்டால் வீடியோ காலில் காதுதான் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், முதுகு காட்டி அல்ல.

மெமரி நிறைந்து போன் மந்தமாவதற்குக் காரணம் பெரும்பாலும் காலை வணக்கப் படங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய் அவை தானாக இறங்குவதை நிறுத்துங்கள்.

தூரத்திலிருந்து நீங்கள் பார்க்க வேண்டுமானால் வீடியோ காலிலேயே 'ஸ்கிரீன் ஷேர்' இருக்கிறது. அம்மா திரை உங்களுக்குத் தெரியும், எதைத் தொட வேண்டும் என்று சொல்லலாம். எனிடெஸ்க் மாதிரி தொலைவிலிருந்து இயக்கும் ஆப்பைப் போட்டு வைக்க வேண்டாம். மோசடிக்காரர்கள் கேட்பதும் அதைத்தான். ஸ்கிரீன் ஷேரையும் அம்மாவே உங்கள் படத்தைத் தட்டிக் கூப்பிட்ட அழைப்பில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். திரையில் வரும் ஓடிபி எதிர்முனைக்கும் தெரியும்.

மோசடி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுவார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. "அம்மா, போன் உடைஞ்சிடுச்சு, இது புது நம்பர்" என்றும் வரும். உங்களுக்கு நிஜமாகவே புது நம்பர் வந்திருக்கும் நேரம் இது, அதனால் கூடுதல் கவனம். வாட்ஸ்அப்பில் பிரைவசி, கால்ஸ், 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' போடுங்கள், தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பு அடிக்காது. அதற்கு முன் உங்கள் +1 நம்பரையும் அண்ணனின் +971 நம்பரையும் அம்மா போனில் சேமித்துவிடுங்கள். மறந்தால் உங்கள் அழைப்பே அடிக்காது. வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு, அதற்கு வைக்கும் ஆறு இலக்க எண்ணை வீட்டு டைரியில் எழுதி வையுங்கள், வாட்ஸ்அப் அவ்வப்போது அதைக் கேட்கும். பணம் போய்விட்டால் இந்தியாவுக்குள்ளிருந்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும்.

மூவரும் சேர்ந்து பேசுவது பற்றி: துபாய் இருக்கும் எமிரேட்ஸில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. இதில் அம்மா போன் மேல் குற்றமில்லை. அங்கே போட்டிம் (Botim) என்ற அழைப்பு ஆப் அனுமதிக்கப்பட்டது. மூவர் பேச்சுக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம். அழைப்பை நீங்கள் தொடங்குங்கள், அம்மா எடுத்தால் மட்டும் போதும்படி வையுங்கள்.

நேரத்தை அம்மாவின் கடிகாரத்தில் நிறுத்துங்கள். குளிர்காலத்தில் உங்களுக்கு இரவு 9 மணி என்றால் கும்பகோணத்தில் காலை 7:30. மார்ச் இரண்டாவது ஞாயிறு இங்கே கடிகாரம் மாறியதும் அதே 9 மணி அங்கே 6:30 ஆகிவிடும். அம்மா கோலம் போடப் போயிருப்பார். அப்போது நீங்கள் 10 மணிக்குக் கூப்பிட வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு வந்ததும் பழையபடி 9 மணி.

வீட்டில் வைஃபை இருந்தால் கரண்ட் போகும்போது ரவுட்டர் நின்றுவிடும். அதற்கென்று மினி யூபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது. வாங்கும்முன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் யூபிஎஸ்ஸும் அதே வோல்ட், குறைந்தது அதே ஆம்பியர் தர வேண்டும். 1 ஆம்பியர் வாங்கினால் ரவுட்டர் அணைந்து அணைந்து எரியக்கூடும்.

கடைசியாக சிம். ரீசார்ஜ் தீர்ந்தால் வாட்ஸ்அப் வைஃபையில் ஓடிக்கொண்டேதான் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் எஸ்எம்எஸ் வராது, பேங்க் ஓடிபி வராது. ரொம்ப நாள் விட்டால் நம்பரே வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு வருட பேக் போட்டு முடியும் தேதியை உங்கள் காலண்டரில் குறித்துவிடுங்கள். இங்கிருந்து கனடா கார்டில் ரீசார்ஜ் செய்தால் பல தளங்களில் நிராகரித்துவிடும். உங்களுக்கு இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருந்தால் கனடா நம்பரிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் சித்தி மகனிடம் பணம் கொடுத்து வைப்பதுதான் சுலபம்.