திரையில் இருக்கும் இதயமும் மகளின் இதயமும்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. டேப்லெட் விளையாட்டில் இதயம், நுரையீரல், இரைப்பை எல்லாவற்றையும் சரியான இடத்தில் இழுத்து வைக்கிறாள். 'உன் இதயம் எங்கே?' என்று கேட்டால் டேப்லெட்டைக் காட்டுகிறாள்! பள்ளி மூலம் வந்த ஒருவர், விளையாட்டுச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் சரியாகிவிடும் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மகளிடம் குறை ஒன்றுமில்லை. துண்டின் வடிவம் பள்ளத்தில் பொருந்தினால் 'டிங்' என்று சத்தம் வரும், அதை அவள் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். தட்டையான திரையில் கற்றதைத் தன் உடலுக்குக் கொண்டுவருவது இந்த வயதில் தானாக நடக்காது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

டேப்லெட்டை மூடிவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் குதிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவள் உள்ளங்கையை நெஞ்சின் நடுவில், சற்று இடப்பக்கமாக வையுங்கள். அந்த 'டக் டக்'தான் இதயம், ஏறக்குறைய அவள் மூடிய கை அளவுதான் என்று காட்டுங்கள். படுக்கவைத்து வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்தால், மூச்சுக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். அதன் பிறகு விளையாட்டைத் திறக்கலாம். 3, 4 வயதில் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. கார்ட்டூனும் அந்தக் கணக்கில்தான் வரும்.

'கல்வி' என்ற முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள். செயலிக் கடையில் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டைச் செய்தவரேதான். சிலவற்றில் நீல நிற ரத்தம் ஓடும் (உள்ளே எங்கும் சிவப்புதான்). இன்னும் சிலவற்றில் தொடைகளுக்கு நடுவே வெறுமையாக இருக்கும். வலித்தாலோ யாராவது தொட்டாலோ குழந்தை சொல்ல வேண்டியது அங்குள்ள அந்தரங்க உறுப்புகளின் பெயர்களைத்தான். அவற்றை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். இதையெல்லாம் பார்த்து அனுப்ப வேண்டிய பள்ளிகள் சுற்றறிக்கையோடு நிறுத்திக்கொள்கின்றன. நடுவில் வரும் ஆளுக்குக் கமிஷன்; குழந்தையின் புகைப்படமும் பிறந்த தேதியும் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. குழந்தைக்கு அறுவை சிகிச்சையோ எம்ஆர்ஐ ஸ்கேனோ இருந்தால், அதே சிகிச்சையைக் காட்டும் விளையாட்டு பயத்தைக் குறைக்கும். அந்த இயந்திரத்தின் தடதட சத்தத்தை முன்கூட்டியே கேட்டிருப்பது பெரிய உதவி. ஆனால் முந்தைய இரவு வேண்டாம், சில நாள் முன்பே ஆடட்டும். வேறு சிகிச்சையைக் காட்டும் விளையாட்டு குழப்பத்தைத்தான் தரும். எது பொருந்தும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். ஆடியதும் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து அவளே மருத்துவராக நடித்துப் பார்க்கட்டும்.

சரி, சந்தாவை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், செயலியை நீக்கினால் மட்டும் போதாது. சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டும் பணம் போகும்.