வெட்டுப்புள்ளி வருமுன் டீச்சரிடம் கேட்டவை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தாயிற்று, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பமும் போயாயிற்று. இனி வெட்டுப்புள்ளிதான். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமிருந்தும் வந்து குவிந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வருடா வருடம் பிள்ளைகளோடு குந்தியிருந்து விண்ணப்பம் நிரப்புவது இன்னும் விடவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வாழைச்சேனை, உயிரியல் பிரிவு மாணவன்: டீச்சர், போன வருசம் மட்டக்களப்புக்கு வந்த மருத்துவ வெட்டுப்புள்ளியை விட எனக்குக் கொஞ்சம் கூட இருக்கு. அப்ப கிடைச்ச மாதிரித்தானே?

இல்லை மகன், அப்படி எடுக்க வேண்டாம். இவ்வளவு எடுத்தால் உள்ளே வரலாம் என்று யாரும் முன்கூட்டியே கோடு கீறி வைப்பதில்லை. பஸ் நிரம்பிய பிறகு, கடைசியாக ஏறியவரின் டிக்கெட் இலக்கத்தைப் பார்த்துச் சொல்வது போலத்தான் வெட்டுப்புள்ளி. ஒரு பாடநெறிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாக எடுபட்ட பிள்ளையின் இசட் புள்ளி (மூன்று பாடப் புள்ளிகளையும் வைத்துக் கணிக்கிற எண், விளக்கம் அடுத்த பதிலில்) அது. இந்த வருடம் உங்களோடு எழுதியவர்கள் எப்படிச் செய்தார்கள், அவர்கள் விருப்பத் தெரிவில் எதை முதலாவதாகப் போட்டார்கள், எத்தனை இடம் இருக்கிறது என்பதை எல்லாம் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. ஆகவே நீங்கள் கொழும்புப் பிள்ளையோடு மட்டும் போட்டியிடவில்லை. பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையோடும்தான். நம்பிக்கை வையுங்கள், ஆனால் இரண்டாவது, மூன்றாவது தெரிவுகளையும் மனதுக்குள் பழக்கிக்கொள்ளுங்கள்.

கல்முனை, பௌதிக விஞ்ஞானப் பிரிவு மாணவி: எனக்கு ரெண்டு ஏ, ஒரு பி. என்ட கூட்டாளிக்கு ஒரு ஏ, ரெண்டு பி. ஆனா அவட இசட் புள்ளி கூட. பிழை நடந்திருக்குமா மிஸ்?

பிழை இல்லை மகள். 75 எடுத்தாலும் தரம் ஏ, 95 எடுத்தாலும் ஏ. இசட் புள்ளி தரத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) பிரிக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து, வந்ததைக் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள். விளங்குவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு பாடத்தின் சராசரி 40, விலகல் 16 என்றால், 72 எடுத்த பிள்ளைக்கு 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, விலகல் 10 என்றால், 76 எடுத்தும் 1.6தான். முதலாவது பி, இரண்டாவது ஏ. பார்த்தீர்களா?

வெவ்வேறு பாடம் எழுதியவர்களை ஒரே வரிசையில் நிறுத்தத்தான் 2001இல் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். குறை இல்லாத முறை என்று நான் சொல்ல மாட்டேன். 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து கணித்ததால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் திரும்பக் கணிக்க வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைகள் காத்திருந்த காலத்தோடு பார்த்தால் உங்களுடையது சின்னக் காத்திருப்புத்தான்.

பெரியநீலாவணையிலிருந்து ஒரு தகப்பன்: எங்கட வீடு அம்பாறை மாவட்டம். மகள் ஆறாம் ஆண்டிலிருந்தே மட்டக்களப்பு ரவுணில படிச்சவ. எந்த மாவட்டம் என்று எடுப்பாங்க?

வீட்டைப் பார்ப்பதில்லை ஐயா, பாடசாலையைத்தான் பார்ப்பார்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே கணக்கு. உங்கள் மகளுக்கு மட்டக்களப்பு. எல்லைக்கு இங்கால் ஒரு வெட்டுப்புள்ளி, அங்கால் இன்னொரு வெட்டுப்புள்ளி என்பதால், கல்லாறு, துறைநீலாவணை, பெரியநீலாவணைப் பக்கம் எல்லா வீட்டிலும் இந்தக் கணக்குப் பார்க்கிறார்கள்.

ஆரையம்பதி அம்மா: மகன் சாப்பிடுறான் இல்ல டீச்சர். ராவு ரெண்டு மணிக்கும் போனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். கோயில்ல சந்திக்கிற சனமெல்லாம் “என்ன கிடைச்சது” எண்டு கேட்குது. நான் என்ன செய்ய?

முதலில் அந்தச் சனத்துக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள் அம்மா, மகனைச் சொல்ல விடாதீர்கள். “இன்னும் வரல்ல, வந்தா சொல்லுறம்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. வெட்டுப்புள்ளி வெளிவந்தால் அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். யாரும் இரண்டு மணிக்கு விழித்திருக்கத் தேவையில்லை.

போனைப் பறிக்க வேண்டாம், அது சண்டையில்தான் முடியும். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் பார்ப்பது என்று அவரோடு பேசி ஒப்பந்தம் செய்யுங்கள். பகலில் உடம்பு அலுக்கிற மாதிரி ஏதாவது வேலை இருந்தால் இரவில் நித்திரை வரும். சாப்பாடும் நித்திரையும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பினாலோ, வாழ்ந்து பிரயோசனமில்லை என்ற மாதிரிக் கதை வந்தாலோ, “எல்லாம் சரிவரும்” என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நேர்த்திக்கடன் வைத்திருந்தால் வைத்தபடி இருக்கட்டும், அதை மகனிடம் சொல்லி அவர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்ற வேண்டாம்.

வாகரை, இரண்டாம் தரம் எழுதியவர்: எனக்கு மெடிசின்தான் வேணும். விவசாயம் கிடைச்சா பதியாம விட்டுட்டு மூன்றாம் தரம் எடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். சரியா?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் பாழாவது இந்த இடத்தில்தான்.

விதியை முதலில் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் எழுதலாம். ஒரு பாடநெறிக்குப் பதிந்துவிட்டால், பிறகு வரும் பெறுபேற்றை வைத்து இன்னொன்றுக்கு விண்ணப்பிக்கும் வழி அடைபடும். பதியாமல் விட்டால் கையிலிருந்த இடம் போய்விடும். இரண்டிலும் ஒன்றை இழக்கத்தான் வேண்டும், ஆகவே கோபத்தில் முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது, முதல் பட்டியலோடு கதை முடிவதில்லை. தேர்வானவர்களில் சிலர் வெளிநாடு போவார்கள், சிலர் பதியாமல் விடுவார்கள். அந்த வெற்றிடங்களைப் பிறகு நிரப்புவார்கள். அப்போது ஏற்கெனவே பதிந்திருப்பவர்களில், விருப்பத் தெரிவில் மேலே போட்ட பாடநெறிக்குத் தகுதி வந்தவர்கள் அதற்கு ஏறலாம். ஏறினால் பழைய இடம் தானாகப் போய்விடும். பதியாமல் வீட்டில் இருந்தவரை அந்த வரிசையில் யாரும் தேடுவதில்லை.

இனி என் அபிப்பிராயம். வெட்டுப்புள்ளிக்கும் உங்களுக்கும் இடைவெளி தசமதானத்துக்குப் பிறகு இரண்டாம், மூன்றாம் இலக்கத்தில் இருந்தால், வீட்டிலும் இன்னொரு வருடம் தாங்கும் வசதி இருந்தால், மூன்றாம் தரத்தை யோசிக்கலாம். முதலாம் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் இடையே உங்கள் புள்ளி எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். ஏறவே இல்லை என்றால் மூன்றாம் தரம் மட்டும் எப்படி ஏறும்? வாகரையிலிருந்து ரியூசனுக்கு ரவுணுக்கு வந்து போகிற அலைச்சலையும் கணக்கில் சேருங்கள்.

விவசாயம் என்றால் மண்வெட்டி என்று ஊரில் சொல்வதைக் கேட்டு மனம் விடவும் வேண்டாம். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது இருந்தவை விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும்தான். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக ஆனது. வைத்தியராக முடியாமல் போனதால் யாரும் அங்கே படித்துக் கெட்டுப் போனதாக நான் காணவில்லை.

திருக்கோவில், யாழ்ப்பாணத்தில் முதலாம் வருட விஞ்ஞான மாணவி: அம்மாக்கு சிறுநீரக வருத்தம். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் கேட்டிருக்கிறன். பதிலே இல்லை. கேட்டுக் கேட்டுப் போன் எடுக்கலாமா?

தங்கச்சி, மாற்றம் என்பது சலுகை, உரிமை இல்லை. அந்தப் பாடநெறியில் அங்கே இடம் இருக்க வேண்டும், பல்கலைக்கழகங்களும் ஆணைக்குழுவும் சம்மதிக்க வேண்டும். தினம் போன் எடுத்தால் அலுவலகத்தில் இருப்பவர் எரிச்சல்படுவாரே தவிர, கோப்பு நகராது. எழுத்தில் ஒரு நினைவூட்டல் அனுப்பி, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். “அம்மாவுக்குச் சுகமில்லை” என்று மொட்டையாக எழுதாமல், அரசாங்க வைத்தியசாலையின் விசேட வைத்திய நிபுணரின் அறிக்கை, கிளினிக் கொப்பியின் பிரதி, வீட்டில் பார்க்க வேறு ஆள் இல்லை என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் மூன்றையும் இணையுங்கள்.

இன்னொன்று: திருக்கோவிலிலிருந்து வந்தாறுமூலையும் தினம் போய்வரக்கூடிய தூரம் இல்லை, அங்கேயும் விடுதியில்தான் நிற்பீர்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அம்மாவுக்குக் கிட்ட இருப்பதுதான் நோக்கம் என்றால் அதை ஏன் கேட்கவில்லை? பதில் வரும் வரைக்கும் யாழ்ப்பாணத்து விரிவுரைகளுக்கு ஒழுங்காகப் போங்கள். வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், மாற்றம் கிடைத்தும் பிரயோசனம் இல்லாமல் போகும்.

சம்மாந்துறை: கொழும்பில ஆள் இருக்காம், காசு குடுத்தா இடம் எடுத்துத் தாராங்களாம். வாப்பா யோசிக்கிறார்.

கொடுக்க வேண்டாம். தேர்வு இசட் புள்ளிப்படியும் விருப்பத் தெரிவுப்படியும் நடக்கிறது. இவர்கள் பலரிடம் வாங்குவார்கள், அதில் தன் பாட்டில் எடுபட்ட பிள்ளையின் காசை “நான்தான் எடுத்துக் கொடுத்தேன்” என்று வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களின் போனுக்குப் பதில் வராது.

காரைதீவு, ஒரு சித்தி: அக்காட மகன் கலிபோர்னியாவில கொம்யூனிட்டி கொலிஜில படிக்கிறான். பெர்க்லிக்கும் டேவிசுக்கும் மாற்றம் போட்டிருக்கான். இங்க அம்மம்மா நித்திரை கொள்ளுறா இல்ல. எப்ப தெரியும்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்களின் மாற்ற மாணவர் முடிவுகள் ஏப்ரல் மாதத்துக்குள் வரும். எதை ஏற்பது என்று ஜூன் 1க்குள் அவர் சொல்ல வேண்டும். டேவிஸ் உட்பட ஆறு வளாகங்களில், செப்டெம்பரிலேயே கேட்டு நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடத்தை உறுதிசெய்து தரும் திட்டம் இருக்கிறது. பெர்க்லி, லொஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ அதில் இல்லை. பெறாமகன் டேவிசுக்கு அப்படி எடுத்திருந்தால் அம்மம்மாவைப் படுக்கச் சொல்லலாம். ஆனால் அனுமதி வந்த பிறகும் கடைசித் தவணைப் புள்ளி விழுந்தால் அதைத் திருப்பி எடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, படிப்பை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். கொலிஜிலிருந்து புதிய பல்கலைக்கழகத்துக்கு மாணவர் விசாப் பதிவையும் மாற்ற வேண்டும். அதை அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் செய்வார்கள்.

செங்கலடி, கலைப்பிரிவு: காத்திருக்கிற நேரத்தில செய்யக்கூடியது ஏதாவது இருக்கா டீச்சர்?

இருக்கிறது. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பெறுபேற்றுப் பத்திரத்தையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழில் “கனகரெத்தினம்”, பரீட்சையில் “கனகரத்தினம்” என்று இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது அது இன்னொரு மாதிரிப் போகும். இதற்குச் சத்தியக்கடதாசி முடிக்க இப்போது ஓடினால் ஆறுதலாகச் செய்யலாம். பதிவுக்குத் தருவது சில நாட்கள்தான், அதற்குள் ஓடினால் சமாதான நீதவானும் வீட்டில் இருக்க மாட்டார். பாடசாலை விடுகைப் பத்திரம், நற்சான்றிதழ் இரண்டையும் அதிபர் இடமாற்றம் பெற்றுப் போகுமுன் எடுங்கள். மகாபொல புலமைப்பரிசிலுக்கு வருமானச் சான்று தேவைப்படும். கிராம உத்தியோகத்தர் எந்தெந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்று விசாரித்து வையுங்கள்.

ஆசிரியர்களைப் பயிற்றும் தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் கோரும்போது போடுங்கள். முழுநேரமாக இரண்டு இடத்தில் படிக்க விடமாட்டார்கள், ஆகவே சேரும்போது கையொப்பம் வைக்கும் ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் என்ன என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வையுங்கள். திறந்த பல்கலைக்கழகத்துக்கும் மட்டக்களப்பில் நிலையம் இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள். ஆணைக்குழுவுக்குக் கொடுத்த போன் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் மட்டும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம்.